சரிவில் கழன்ற முன்டயர்

டிராக்டரின் முன்னால் மாட்டிய லோடர் வாளி நிறைய ஈர மண். சரிவின் பாதியில் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தேன். வலது முன்சக்கரத்திலிருந்து நீளமாக ஒரு காற்றுச் சத்தம் வந்தது. அடுத்த நொடி டிராக்டர் அந்தப் பக்கமாகத் தாழ்ந்தது. வாளியை உடனே தரையில் இறக்கி, இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தேன். டயரின் உள்விளிம்பு ரிம்மை விட்டு முழுதாகக் கழன்று, மண்ணும் புல்லும் உள்ளே திணிந்திருந்தன. ரிம்மின் ஓரம் தரையில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு கிழித்திருந்தது.

எதுவோ குத்தியிருக்கிறது என்று நினைத்து டயரைச் சுற்றிச் சுற்றித் தேடினேன். ஆணி இல்லை, முள் இல்லை, கீறல் இல்லை. பிறகுதான் இடது முன்டயரில் அளவுமானியை வைத்துப் பார்த்தேன். 25 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) இருக்க வேண்டிய டயரில் 9 இருந்தது. வலதில் அதைவிடக் குறைவாகவே இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதன் வால்வுக்கு மூடி இல்லை. வால்வின் வாயில் சோப்பு நீரைத் தடவியதும் இடது டயரில் குமிழி வரவில்லை. வலது டயரைத் திரும்ப ஏற்றிக் காற்றடித்துத் தடவியபோது கடுகளவு குமிழி ஒன்று எழுந்து, உடைந்து, மீண்டும் எழுந்தது. வால்வுக்குள் இருக்கும் ஊசியில் மணல் சிக்கியிருந்தது. பல வாரங்களாக அந்தக் குமிழியின் வழியே காற்று போய்க்கொண்டிருந்திருக்கிறது. நான் பார்க்கவே இல்லை.

அன்றிலிருந்து சிறிய டிராக்டரின் டயர்களைப் பற்றி எனக்கு ஒரு திடமான கருத்து உண்டு. பஞ்சரைத் தடுக்க என்னென்னவோ வாங்குகிறோம். ஆனால் டயர் கெட்டுப்போவதற்கான முதல் காரணம் பெரும்பாலும் நாம் அளக்காமல் விட்ட காற்றுதான். முள்ளும் ஆணியும் அதற்குப் பிறகு வருகிறவை.

டயரை ரிம்மோடு பிடித்து வைத்திருப்பது உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம். அந்த அழுத்தம்தான் டயரின் தடித்த ஓரத்தை ரிம்மின் உதட்டோடு நெருக்கி வைக்கிறது. அழுத்தம் குறைந்தால் பிடி தளர்கிறது. அந்த நிலையில் வாளியில் சுமையோடு, சரிவில், சக்கரத்தை ஒடித்துத் திருப்பினால் தரை டயரை ஒரு பக்கம் இழுக்கிறது, ரிம் இன்னொரு பக்கம் போகிறது. கழலாமல் என்ன செய்யும்? கழலவில்லை என்றாலும் சேதம் நடந்துகொண்டுதான் இருக்கும். பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து நிமிர்ந்து, உள்ளிருக்கும் நூல் அடுக்குகள் தளர்ந்து, வெளியே மயிரிழை போல வெடிப்புகள் தோன்றும். டியூப் உள்ள டயராக இருந்தால் வேறொரு ஆபத்து இருக்கிறது: ரிம் சுற்ற, டயர் வழுக்க, வால்வின் அடிப்பகுதியில் டியூப் கிழிந்துவிடும். அந்தக் கிழிசலை ஒட்ட முடியாது.

இந்த விஷயத்தில் கண் நம்மை ஏமாற்றும். கார் டயரில் காற்று மிகவும் குறைந்தால் பார்த்தவுடன் தெரிகிறது. டிராக்டரின் பின்டயர் இயல்பாகவே 12 முதல் 20 பி.எஸ்.ஐ. வரையிலான குறைந்த காற்றில், அடிப்பக்கம் கொஞ்சம் பிதுங்கியபடிதான் நிற்கும். 14 இருப்பதும் 8 இருப்பதும் தூரத்திலிருந்து ஒன்றுபோலவே தோன்றும். அதனால் அளவுமானி கட்டாயம் வேண்டும். அதிலும் காருக்குப் பயன்படுத்தும் அளவுமானி போதாது. 60, 100 வரை காட்டும் கருவியில் இரண்டு பி.எஸ்.ஐ. முன்பின் இருப்பது சாதாரணம்; கார் டயருக்கு அது பெரிதல்ல, 12 பி.எஸ்.ஐ. டயருக்கோ அது ஆறில் ஒரு பங்கு. 30-க்குள் காட்டும் குறைந்த அழுத்த அளவுமானி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வேலை தொடங்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். 15 பி.எஸ்.ஐ. உள்ள டயரில் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் இறங்கினாலே ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. குறைந்துவிடும். பருவம் மாறும்போது ஓட்டையே இல்லாமல் காற்று இறங்கியது போலத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

இவ்வளவு குறைந்த காற்றில் டிராக்டர் ஓடுவது ஏன் என்று கேட்டால், அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வரலாறு. டன்லப் சைக்கிளுக்குக் காற்றடைத்த டயரைச் செய்தது 1888-இல். அதற்குப் பிறகும் 40 ஆண்டுகளுக்கு மேல் டிராக்டர்கள் இரும்புச் சக்கரத்தில்தான் ஓடின. மென்மையான ரப்பர் உழவுக்குத் தாங்காது என்று எல்லோரும் நம்பினார்கள். 1932-இல் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோனும் ஆலிஸ்-சால்மர்ஸும் சேர்ந்து, விமானத்தின் டயர்களை எடுத்து மாடல் யூ என்ற டிராக்டருக்கு மாட்டி, மிகக் குறைந்த காற்று வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். அகலமாகத் தரையில் படிந்த டயர் இரும்பைவிட நன்றாக மண்ணைப் பற்றியது. மண்ணையும் குறைவாகவே அழுத்தியது. அந்த மென்மையைத்தான் இன்றும் நாம் பின்சக்கரத்தில் வைத்திருக்கிறோம். ஆகவே, காற்று குறைவாக இருப்பது நல்லது, மிகக் குறைவாக இருப்பது கெடுதல், இரண்டுக்கும் நடுவே நாலைந்து பி.எஸ்.ஐ. இடைவெளிதான் இருக்கிறது. லோடர் மாட்டிய டிராக்டரில் முன்டயரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வாளியில் அள்ளும் ஒவ்வொரு கிலோவும் அந்தச் சிறிய சக்கரங்களின் மேல்தான் விழுகிறது. லோடர் வேலைக்கு முன்டயரில் எவ்வளவு காற்று என்று கையேட்டில் போட்டிருப்பார்கள்; டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல் அதை வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, குத்துகிறவற்றைப் பற்றி.

முள்ளையும் ஆணியையும் எல்லோரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் அதிகம் சேதம் செய்தது நானே வெட்டிவிட்ட செடிகளின் அடிக்கட்டைதான். புதர்வெட்டியை ஓட்டிக்கொண்டு போகும்போது விரல் பருமனுள்ள கன்றுகள் சாய்வாக வெட்டுப்பட்டு, நான்கு விரல்கடை உயரத்தில் ஈட்டிமுனை போல நிற்கின்றன. பச்சையாக இருக்கும் வரை வளைந்து கொடுக்கும். காய்ந்த பிறகு வளையாது. அடுத்த முறை அதே இடத்தில் போகும்போது பக்கச் சுவரிலோ, தரையைப் பற்றும் ரப்பர் மேடுகளான பட்டன்கள் இரண்டுக்கு நடுவே ரப்பர் மெல்லிதாக இருக்கும் இடத்திலோ ஏறிவிடும். உழவுக்கான டயரில் பட்டன்கள் உயரமாகவும் தள்ளித் தள்ளியும் இருப்பதால் நடுவே வெற்றிடம் அதிகம். அகலமான, நெருக்கமான பட்டன்கள் கொண்ட தொழிற்சாலை வகை டயர் இந்த விஷயத்தில் மேல். ஆனால் சேற்றில் அதற்குப் பிடிப்பு குறைவு. புதர் வெட்டுவதும் லோடர் வேலையும்தான் அதிகம் என்றால் நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன். கன்றுகளைத் தரையோடு தரையாக அறுப்பதோ, மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குவதோ மெதுவான வேலைதான். ஒரு டயர் மாற்றுவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இன்னோர் இடத்தையும் சொல்ல வேண்டும்: பழைய மரம் எரித்த சாம்பல் மேடு. பலகை எரிந்து போகும், அதிலிருந்த ஆணிகள் போகா. லோடரால் அந்தச் சாம்பலை வாரினால் முன்சக்கரம் அந்த ஆணிகளின் மேல்தான் நிற்கும். வாளியிலிருந்து சிந்துகிற சாம்பலோடு வழி நெடுக ஆணி விதைத்துக்கொண்டும் போவோம். சாம்பல் ஆறிய பின் ஒரு கயிற்றில் காந்தத்தைக் கட்டி இழுத்துப் பாருங்கள். முதல் இழுவையிலேயே காந்தம் முழுக்கக் கறுத்த ஆணிகள் ஒட்டிக்கொண்டு வரும்.

வால்வுகளுக்கு உள்ளே ரப்பர் வளையம் உள்ள உலோக மூடி போடுங்கள். எனக்கு அந்த மூடி இல்லாததால் வந்தது இந்தக் கதை முழுவதும்.

டயருக்குள் ஊற்றிவைத்தால் ஓட்டையை அடைக்கும் பஞ்சர் ஜெல் பற்றிப் பலர் கேட்கிறார்கள். முள் நிறைந்த நிலத்தில், டியூப் இல்லாத முன்டயருக்கு, ஓட்டை விழுவதற்கு முன்பே ஊற்றிவைத்தால் அது உண்மையாகவே உதவும். டயரின் அளவுக்குச் சொல்லப்பட்ட முழு அளவையும் ஊற்ற வேண்டும். ஊற்றியவுடனே நன்றாக ஓட்டவும் வேண்டும், ஏனென்றால் மெதுவாகச் சுற்றும் சக்கரத்தில் அது உட்புறம் முழுவதும் பரவ நேரமாகும். ஆனால் பக்கச் சுவரின் கிழிசலை அது அடைக்காது. பிற்பாடு டயரைக் கழற்றி உள்ளே ஒட்டுப் போட வேண்டி வந்தால், அந்த வழவழப்பைச் சுத்தமாகத் துடைத்து எடுக்காமல் எந்த ஒட்டும் பிடிக்காது. ஜெல் ஊற்றியாயிற்று என்று அளவுமானியை மறந்துவிடுவதுதான் எனக்கு இருக்கும் பெரிய கவலை. டயருக்குள் காற்றுக்குப் பதிலாகக் ரப்பர் போலக் கெட்டியாகும் நுரையை நிரப்பும் வழியும் உண்டு, பஞ்சரே ஆகாது. சக்கரம் கனக்கும், ஓட்டம் முரடாகும், டயர் தேய்ந்தால் எல்லாவற்றையும் வெட்டித்தான் எடுக்க வேண்டும். நாள் முழுக்க இடிபாடுகளுக்கு நடுவே வேலை செய்கிறவர்களுக்கு அது சரி. எனக்கு வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நாள் காற்று இறங்கத்தான் செய்யும். அப்போது முதல் கேள்வி ஓட்டை எங்கே என்பதல்ல, டிராக்டரை எப்படித் தூக்குவது என்பது. அன்று சரிவில் நான் ஜாக்கியைக் கையில் எடுத்தபோது, பக்கத்து நிலத்து அண்ணன் ஓடிவந்து என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“ஜாக்கியைக் கீழே வை தம்பி. அச்சு ஆடும், பார்த்திருக்கிறாயா?”

நான் பார்த்திருந்தேன்; அதன் பொருளைத்தான் யோசித்திருக்கவில்லை. சிறிய டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே ஒரு முளையில் தொங்குகிறது. மேடு பள்ளத்தில் இரண்டு முன்சக்கரங்களும் ஏறி இறங்கி நிலத்தோடு ஒட்டிப் போவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அந்த அமைப்பால், முன்பகுதியைத் தூக்கியதும் டிராக்டரின் உடம்பு அச்சின் மேல் ஒரு பக்கமாகச் சாய இடம் இருக்கிறது. அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில், இரண்டு பக்கமும் மரக்கட்டையை இறுக்கமாகச் செருகினால் அந்த ஆட்டம் நின்றுவிடும். அண்ணன் அன்று செய்ததும் அதைத்தான். அதற்கு முன்பாக, கழன்ற டயரோடு மிக மெதுவாக ஒரு சில அடி நகர்த்திச் சமதளத்துக்குக் கொண்டுவர வைத்தார். ரிம் கீறினாலும் பரவாயில்லை, சரிவில் தூக்கக் கூடாது என்றார். வாளி தரையில், கைப்பிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தினோம். தூக்கிய பிறகு ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சுக்கடியில் ஒரு தாங்கியை வைத்தோம். லோடர் வாளியைக் கீழே அழுத்தினால் முன்சக்கரம் தானாகத் தரையை விட்டு எழும், அது வசதிதான். ஆனால் ஹைட்ராலிக்கின் பலத்தில் தொங்கும் வண்டிக்கடியில் யாரும் கையை நீட்டக் கூடாது. எழுந்ததும் உடனே தாங்கியை வைத்துவிட வேண்டும்.

டியூப் இல்லாத டயரில், பட்டன்கள் இருக்கும் தரைப்பகுதியில் ஆணி ஏறியிருந்தால் வேலை எளிது. ஆணியைப் பிடுங்கும் முன் அது எந்தச் சாய்வில் போயிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதே சாய்வில் அரம் போன்ற ஊசியை விட்டுத் துளையைச் சொரசொரப்பாக்கி, பசை தடவிய ரப்பர் திரியை ஊசியில் கோத்து, பாதிக்கு மேல் உள்ளே தள்ளி, வெடுக்கென்று ஊசியை மட்டும் இழுத்துவிட வேண்டும். கனமான டயரில் இதற்குத் தோள் பலம் முழுவதும் வேண்டும். காற்று கொஞ்சம் உள்ளே இருந்தால் டயர் உள்வாங்காமல் நிற்கும். பக்கச் சுவரில் திரி போடாதீர்கள். அங்கே ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் மடிவதால் திரி வெளியே வந்துவிடும். அதற்கு டயரைக் கழற்றி உள்ளிருந்து ஒட்டுப் போட வேண்டும், கிழிசல் பெரிதாக இருந்தால் டயரையே மாற்ற வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் டிராக்டரில் மாற்றும் டயர் பழைய அளவிலேயே இருப்பது முக்கியம். முன், பின் சக்கரங்களின் சுற்றளவுக்கு ஏற்றபடிதான் பல்சக்கரங்களைக் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். அளவு மாறினால் அந்த முரண்பாட்டைக் கியர்கள் சுமக்கும்.

டியூப் உள்ள டயர் என்றால் பொறுமை வேண்டும். டியூபை வெளியே எடுப்பதற்கு முன், வால்வுக்கு நேராக டயரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு குறி போடுவேன். டியூபில் ஓட்டை எங்கே என்று தெரிந்ததும், அந்தக் குறியை வைத்து டயரில் அதற்கு நேரான இடம் தெரிந்துவிடும். ஒரு முறை இதைச் செய்யாமல், டியூபை ஒட்டி மாட்டிவிட்டேன். மறுநாள் காலையிலேயே காற்று இறங்கியிருந்தது. மீண்டும் கழற்றி, ஒரு பழைய பருத்தித் துணியைக் கையில் சுற்றி டயரின் உட்புறம் முழுக்க மெதுவாகத் தடவினேன். ஓரிடத்தில் துணியின் நூல் மாட்டி இழுத்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. உள்ளே முள்ளின் முனை, அரிசியின் பாதி அளவு, கறுத்த ரப்பரோடு ரப்பராக நின்றுகொண்டிருந்தது. இடுக்கியால் உள்பக்கமாக இழுத்து எடுத்தேன். வெறும் விரலால் தேடியிருந்தால் விரல்தான் கிழிந்திருக்கும்.

ஒட்டும்போது எல்லோரும் செய்யும் தவறு அவசரம். ஒட்டுத் துண்டைவிட அகலமான இடத்தை உப்புத்தாளால் மங்கலாகும் வரை தேய்த்து, தூசியைத் துடைத்து, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஈரப் பளபளப்பு போய், விரலின் பின்புறத்தால் தொட்டால் ஒட்டாமல் லேசாகப் பற்றும் நிலை வரும். அதுவரை ஒட்டுத் துண்டை வைக்கக் கூடாது. வைத்த பின் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்த்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். மாட்டும்போது டியூபில் முகப்பவுடர் மாதிரியான தூளைத் தூவி, கொஞ்சம் காற்றடித்து, முழுக்க இறக்கி, மறுபடி அடித்தால் உள்ளே மடிப்பு விழாது.

விளிம்பை ரிம்மில் திரும்ப உட்காரவைக்கும் இடத்தில்தான் உயிராபத்து இருக்கிறது. அன்று கழன்ற என் டயரை முதலில் உள்ளே கழுவி, ரிம்மின் துருவைக் கம்பித் தூரிகையால் எடுத்து, விளிம்பு முழுக்கச் சோப்பு நீர் தடவினோம். காற்றடித்தால் அடித்த வேகத்தில் இடைவெளி வழியே போய்க்கொண்டிருந்தது. டயரின் நடுச் சுற்றளவில் ஒரு பட்டையைக் கட்டி, கிளிப்பை இறுக்கினோம். பட்டன்கள் உள்ளே அமுங்க, இரண்டு விளிம்புகளும் வெளியே விரிந்து ரிம்மைத் தொட்டன. அதன் பிறகு காற்று நின்றது. விளிம்பு பிடித்ததும் பட்டையைத் தளர்த்திவிட்டோம். பல டிராக்டர் டயர்களின் பக்கத்திலேயே, விளிம்பை உட்காரவைக்க 35 பி.எஸ்.ஐ.-க்கு மேல் ஏற்றாதே என்று அச்சிட்டிருக்கும். அது வரை ஏற்றியும் உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கி, மறுபடி சோப்பு தடவி, மறுபடி முயல வேண்டும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஏற்றினால் விளிம்பின் உள்ளிருக்கும் கம்பி அறுந்து டயர் வெடிக்கும். நீளமான குழாயும், வால்வைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் முனையும் வைத்துக்கொண்டு, டயருக்கு நேரே நிற்காமல் விலகி நில்லுங்கள். எரியும் திரவத்தைத் தெளித்து நெருப்பு வைத்து உட்காரவைக்கும் வித்தையை யார் செய்து காட்டினாலும் செய்யாதீர்கள். டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் வெல்டிங்கும் வைக்காதீர்கள். இந்த இரண்டுக்கும் விதிவிலக்கே கிடையாது.

பின்டயரை நான் தனியாகக் கழற்றுவதில்லை. எடைக்காக உள்ளே தண்ணீர் ஏற்றியிருந்தால் அது வேறு கணக்கு. 1 லிட்டர் 1 கிலோ; சிறிய டிராக்டரிலேயே 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும் பின்டயர்கள் உண்டு. அந்தச் சக்கரம் சாய்ந்தால் ஒருவரால் தாங்க முடியாது. உறையாமலிருக்கக் கால்சியம் குளோரைடு கலந்திருந்தால், கசியும் ஒவ்வொரு சொட்டும் ரிம்மை அரிக்கும், கீழே இருக்கும் புல்லையும் கருக்கும். கசிவைப் பார்த்தால் அன்றே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். இப்படிப்பட்ட டயரில் வழக்கமாக முக்கால் பங்கு திரவம், கால் பங்குதான் காற்று. அதனால் சிறிய கசிவும் அழுத்தத்தை நான்கு மடங்கு வேகத்தில் இறக்கிவிடும். அளக்கும்போது வால்வு உச்சியில் இருக்குமாறு சக்கரத்தைத் திருப்பி நிறுத்த வேண்டும்.

அன்று மாலை முன்சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது அண்ணன் பட்டன்களின் திசையைப் பார்க்கச் சொன்னார். பக்கச் சுவரில் இருந்த அம்புக்குறி முன்னோக்கிச் சுற்றும் திசையில் இருந்தது. நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, தரையில் இறக்கிய பின் முழு அளவு முறுக்கினோம். புதிய வால்வு ஊசி, புதிய மூடி, 25 பி.எஸ்.ஐ. இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்து என்றார். நிறுத்தி ஸ்பேனரை வைத்தபோது, ஆறு நட்டுகளில் இரண்டு கால் சுற்று இடம் கொடுத்தன.